பீட்டில்க்கு ஸ்ட்ரோக்கர் என்ஜின்: 2276 சிசி இல்ல, 1904 சிசி

2024 நவம்பர் 30, ஃபெங்கல் புயல் பாண்டிச்சேரிக்கு பக்கத்துல கரை ஏறின ராத்திரி, ரெயின்போ நகர்ல எங்க வீட்டு வாசல்ல முட்டிக்கு மேல தண்ணி. வண்டிய மேடான எடத்துக்கு தள்ளிட்டு போகக்கூட நேரம் கெடைக்கல. என்னோடது 1972 மாடல் பீட்டில், 1600 டூயல் போர்ட் என்ஜின், பின்னாடி தாழ்வா உக்காந்திருக்கும், அதனால தண்ணி மொதல்ல போய் சேர்ந்த எடமே அதுதான். தண்ணி வடிஞ்சதும் டிப் ஸ்டிக்க உருவி பாத்தேன், ஆயில் பால் காப்பி கலர்ல இருந்துச்சு, தண்ணி கலந்துருச்சு. சாவிய தொடவே இல்ல. பேட்டரிய கழட்டிட்டு என்ஜின எறக்கி கடலூர் முதுநகருக்கு கொண்டு போயிட்டேன்.

ஏன் முதுநகர்னா அங்க துறைமுகத்து பக்கம் இருக்கற லேத் பட்டறைல எனக்கு பத்து வருஷமா தெரிஞ்ச மேஸ்திரி இருக்காரு. மீன்பிடி படகு என்ஜின், டிராக்டர் என்ஜின் க்ராங்க் (பிஸ்டன் ஏறி எறங்கறத சுத்தா மாத்தற தண்டு) கிரைண்டிங்தான் அவரோட பொழப்பு. பீட்டில் மாதிரி என்ஜின் அவர் கைக்கு வருஷத்துக்கு ஒண்ணு வந்தாலே பெருசு, ஆனா மைக்ரோமீட்டர் புடிக்கற கை ஒண்ணுதான். க்ராங்க் உக்கார்ற வெளிக்கூட்ட, அதான் கேஸ, ரெண்டா பிரிச்சு பாத்தோம். கேஸ் மக்னீசியம் அலாய், வெளிய உப்பு பூத்த மாதிரி வெள்ளை பவுடர், உள்ள ஆயில் படிஞ்சிருந்ததால பெரிய சேதம் இல்ல. மெயின் பேரிங் உக்கார்ற எடம் மட்டும் நீள்வட்டமா போயிருந்துச்சு, அது புயலுக்கு முன்னாடியே தேஞ்ச தேய்மானம். எப்படியும் லைன் போர், அதாவது அந்த ஓட்டைகள ஒரே நேர்ல திரும்ப கடையற வேலை, பண்ணித்தான் ஆகணும், பிஸ்டனும் அது ஓடற பாரலும் புதுசு வாங்கித்தான் ஆகணும். அப்ப திரும்ப அதே 1584 சிசிய கட்டறதா, இல்ல ரொம்ப நாளா மனசுல இருக்கற ஸ்ட்ரோக்கர கட்டறதான்னு கேள்வி வந்துருச்சு. இந்த ஒரு கேள்விக்கு பதில் கண்டுபுடிக்க எனக்கு அஞ்சு மாசம் ஆச்சு. இதே யோசனைல இருக்கறவங்களுக்கு அந்த அஞ்சு மாசம் மிச்சமாகட்டும்னுதான் எழுதறேன்.

ஸ்ட்ரோக்கர்னா க்ராங்க மாத்தி பிஸ்டன் மேல கீழ போற தூரத்த கூட்டறது. பேரு பரவினது அமெரிக்காக்காரங்களாலதான், செவர்லே 350 ப்ளாக்ல அவங்களோட 400 என்ஜின் க்ராங்க எடுத்து மெயின் ஜர்னல, அதாவது பேரிங்ல சுத்தற பாகத்த, 2.65 இன்ச்லேந்து 2.45க்கு அரைச்சு உள்ள வச்சாங்க, ஸ்ட்ரோக் 3.48லேந்து 3.75 இன்ச் ஆச்சு, போர, அதாவது சிலிண்டரோட உள் விட்டத்த, 0.030 இன்ச் பெருசாக்கினா 383 க்யூபிக் இன்ச். அந்த கணக்க ஒரு தடவ பேப்பர்ல போட்டு பாருங்க, ஸ்ட்ரோக்கர் பத்தி பாதி புரிஞ்சுடும். ஸ்ட்ரோக்ல பாதி, க்ராங்கயும் பிஸ்டனயும் இணைக்கற ராடோட நீளம், பிஸ்டன்ல பின் நடுவுலேந்து தலை வரைக்கும் இருக்கற உயரம், இந்த மூணையும் கூட்டினா ப்ளாக்கோட உயரத்துக்குள்ள அடங்கணும். 350ல 1.74, 5.7, 1.56 கூட்டினா சரியா 9 இன்ச். 383ல 1.875, 5.7, 1.425, அதுவும் 9 இன்ச். ராடு நீளம் மாறலன்னா, ஸ்ட்ரோக் எவ்ளோ கூடுதோ அதுல பாதிய பிஸ்டனோட அந்த உயரத்துலேந்து கொறைக்கறாங்க. ஃபோர்டு 302வ 347 ஆக்கும்போது 5.4 இன்ச் ராடு போட்டா பிஸ்டன் பின் ஆயில் ரிங் பள்ளத்தையே தொட்டுருது, பழைய 347 ஆயில் குடிக்குதுன்னு கெட்ட பேரு வாங்கினதும் அதனாலதான். க்ராங்க், ராடு, பிஸ்டன் மூணும் தனித்தனி சாமான் இல்ல, ஒரே சாமான். தனித்தனியா ஆஃபர்ல வாங்கி சேர்த்து வைக்காதீங்க.

பீட்டில்ல ஒரு வசதி உண்டு. பாரல் தனியா கழட்டற மாதிரி இருக்கறதால உயரம் பத்தலன்னா பாரலுக்கு அடில ஸ்பேசர் வளையம் போட்டு தூக்கிக்கலாம். ஸ்டாக்ல, அதாவது கம்பெனிலேந்து வந்தப்ப இருந்த 69 எம்எம் ஸ்ட்ரோக்குக்கு செஞ்ச பிஸ்டன் ஸ்டாக் ராடோட 74 எம்எம் ஸ்ட்ரோக் க்ராங்க்ல போனா, பிஸ்டன் 2.5 எம்எம் மேல வரும், 2.5 எம்எம் ஸ்பேசர் போட்டா கணக்கு சரி. ஆனா அப்படி தூக்க தூக்க என்ஜின் ரெண்டு பக்கமும் அகலமாகிட்டே போகும். புஷ் ராட் ட்யூப இழுத்து நீட்டணும், புஷ் ராட புதுசா வெட்டணும், காத்த பாரல் மேல ஒட்டி அனுப்பற டின் தகடு சரியா உக்காராது, சைலன்சர் பைப் ஹெட்டுக்கு நேர் வராது. தகடு உக்காரலன்னா அந்த இடுக்கு வழியா காத்து போயிரும், ஏர் கூல்டு என்ஜினுக்கு அது ரத்தம் கசியற மாதிரி. அதனால 78க்கு மேல போறவங்க பின் உயரம் கம்மியான பி டைப் பிஸ்டன் வாங்கறாங்க.

சரி, என் முன்னாடி இருந்த சாய்ஸ் இதுதான். போர் மட்டும் கூட்டி 90.5 எம்எம்ல 69 ஸ்ட்ரோக்க வச்சா 1776 சிசி, க்ராங்க தொடவே வேணாம். 90.5 கூட 74 போட்டா 1904. 78 போட்டா 2007. 94 பாரலும் 82 க்ராங்க்கும் போட்டா 2276.

என் மச்சான் பாரிஸ் பக்கத்துல இருக்காரு, அவங்க அப்பா காலத்துலயே பிரெஞ்சு நேஷனாலிட்டி எடுத்துட்டு போன குடும்பம், அவர்கிட்டயும் ஒரு பீட்டில் உண்டு. அவர் வண்டில 2276 ஓடுது. ஃபோன்ல தினமும் அதே பாட்டு, "மச்சான், ஒரு தடவதான் பிரிக்க போற, பெருசா போட்ரு, பின்னாடி வருத்தப்படாத." நான் அவர் வண்டிய அங்க போனப்ப ஓட்டிருக்கேன், உண்மையிலேயே அற்புதமான என்ஜின், மூணாவது கியர்ல மிதிச்சா சீட்டு முதுக புடிச்சு தள்ளும். ரொம்ப நாள் எனக்கும் அதே ஆசைதான். அந்த நெனப்புல நான் பண்ண ஒரு தப்ப சொல்லணும்.

நடுவுல வச்சுக்கலாம்னு ஒரு 78 எம்எம் க்ராங்க செகண்ட் ஹேண்ட்ல ஆன்லைன்ல வாங்கினேன். விக்கறவர் ஜர்னல் எல்லாம் ஸ்டாண்டர்டு சைஸ், அண்டர் சைஸ் அரைக்கவே இல்லன்னு சொன்னாரு, போட்டோலயும் பளபளன்னு இருந்துச்சு. முதுநகர் கொண்டு போய் வச்சதும் மேஸ்திரி மைக்ரோமீட்டர் போடறதுக்கு முன்னாடி வெரல் நுனிய ஜர்னல் ஓரத்துல ஓட்டி பாத்தாரு. "தம்பி, இத யாரோ அரைச்சிருக்காங்க, மூலைய பாரு." ஜர்னல் பக்கவாட்டு சுவரோட சேர்ற மூலைல சின்னதா ஒரு வளைவு இருக்கணும், அத விட்டுட்டு கல்ல நேரா எறக்கி வெட்டிருக்காங்க. அளந்து பாத்தா நாலு ராடு ஜர்னலும் 0.25 எம்எம் கம்மி. "படகு க்ராங்க் நான் எத்தன ஒடஞ்சு பாத்திருக்கேன், எல்லாம் இந்த மூலைலதான் விரிசல் வுடும், நடுவுல ஒண்ணு கூட ஒடஞ்சதில்ல. இத போட்டு ஈசிஆர்ல நீ மிதிச்சா எனக்கு தூக்கம் வராது." காச திரும்ப கேட்டு ரெண்டு மாசம் மெசேஜ் அனுப்பினேன், பதில் நின்னு போச்சு. அந்த க்ராங்க் இப்பவும் பட்டறை ஜன்னல்ல இருக்கு.

ஆனா அது வீணாவும் போகல, ஏன்னா அத வச்சுதான் ட்ரயல் அசெம்பிளி பண்ணோம். பழைய பேரிங்க போட்டு, வால்வ தொறக்கற கேம் ஷாஃப்ட வச்சு, ஸ்டாக் ராட மாட்டி, கேஸ மூடி கைல சுத்தினோம். கால் சுத்து கூட வரல, டக்குனு நின்னுச்சு. மூணாவது சிலிண்டர் ராடு போல்ட் தலை கேஸோட உள் சுவத்துல இடிக்குது, இன்னொரு ராடு கேம் மேடு பக்கத்துல ஒரசற அளவுக்கு வருது. 78ல இது தெரிஞ்ச விஷயம்தான், எல்லாரும் கேஸ உள்ள அரைச்சு எடம் பண்றாங்க, செவர்லே ஜர்னல் சைஸ்ல சின்ன ராடு வாங்கினா கொஞ்சம் எடம் கெடைக்கும். ஆனா என் கேஸ் அம்பது வருஷ பழசு, தண்ணில ஊறினது, அதுல சுவர மெலிசாக்கறத நெனச்சா எனக்கு மனசு வரல. மக்னீசியம் அரைக்கறதும் வெளையாட்டு இல்ல, அந்த தூள் தீ புடிச்சா தண்ணி ஊத்தி அணைக்க முடியாது, தண்ணி பட்டா இன்னும் எரியும். மேஸ்திரி வேலைய தொடங்கறதுக்கு முன்னாடியே பக்கத்துல காஞ்ச மணல் வாளி ஒண்ண வச்சுட்டுதான் கையே வச்சாரு, வீட்ல பண்றவங்க தயவுசெஞ்சு இத மறக்காதீங்க.

அன்னிக்கு சாயங்காலம் சில்வர் பீச்ல உக்காந்து நான் யோசிச்சது இதுதான். இவ்ளோ நாள் நான் சிசிலேந்து கீழ எறங்கி வந்துட்டு இருந்தேன். மொதல்ல 2276, அப்புறம் அதுக்கு என்ன வேணும். அத தலகீழா திருப்பி, என் ஊர் வெயில்லேந்து மேல போனா எங்க போய் நிக்கும்?

பீட்டில்ல தண்ணி கெடையாது, ரேடியேட்டர் கெடையாது, ஒரு ஃபேனும் ஒரு ஆயில் கூலரும்தான். எரிக்கற பெட்ரோல் கூடினா சூடு கூடும், ஃபேன் அதே ஃபேன். பழைய மாடல்ல ஆயில் கூலர் ஃபேன் கூட்டுக்குள்ளயே நின்னு மூணாவது சிலிண்டருக்கு போற காத்த மறைச்சுட்டு இருந்துச்சு, 1971 மாடல்லேந்துதான் கூலர பின்னாடி தள்ளி தனி கூண்டு வச்சாங்க, நம்ம ஆளுங்க டாக் ஹவுஸ்னு சொல்றது அதத்தான். என் வண்டில அது இருக்கு, நல்லது. ஆனா மே மாசம் கத்திரி வெயில்ல மதியானம் ரெண்டு மணிக்கு ராஜீவ் காந்தி சிலைலேந்து இந்திரா காந்தி சிலைக்கு சிக்னல் சிக்னலா நின்னு போறத யோசிங்க. அரியாங்குப்பம் பாலத்துல ஒரு லாரிக்கு பின்னாடி பத்து நிமிஷம். மச்சான் வண்டி ஓடற ஊர்ல வெயில் காலமே நமக்கு மார்கழி மாதிரி. அவருக்கு 2276 சரியான என்ஜின், அவர் சொல்றதுல தப்பில்ல, அவர் ரோட்டுக்கு அது சரி.

அடுத்தது கம்ப்ரெஷன், அதாவது பிஸ்டன் கலவைய எத்தன மடங்கு அமுக்குதுங்கறது, இத நெறைய பேர் கணக்குல எடுக்கறதில்ல. ஸ்ட்ரோக்கயும் போரயும் கூட்டிட்டு ஹெட்ட அப்படியே வச்சா கம்ப்ரெஷன் தானா ஏறிடும். 1904ல ஒரு சிலிண்டருக்கு 476 சிசி. ஹெட்ல பெட்ரோல் எரியற குழி, அதான் சேம்பர், 50 சிசி, பிஸ்டன் மேல வந்து நிக்கறப்ப விளிம்புக்கும் அதுக்கும் 1.2 எம்எம் இடைவெளின்னு வைங்க, அந்த இடைவெளி 7.7 சிசி. 476, 50, 7.7 கூட்டி, வர்றத 57.7ஆல வகுத்தா 9.25. ஸ்டாக்ல இந்த 1600 என்ஜின் 7.5தான். 9.25ல நம்ம ஊர் வெயில்ல ஏர் கூல்டு என்ஜின ஓட்டினா சுமை ஏத்தும்போது கிணு கிணுன்னு சத்தம் கேக்கும், அது பிஸ்டன் சாகற சத்தம். சேம்பர 58 சிசிக்கு தோண்டினா 8.2 வருது, நான் அங்கதான் நிக்கறேன். தோண்டினத நம்பிட்டு விடாதீங்க, ஹெட் மேல ஓட்டை போட்ட அக்ரிலிக் தகட்ட கிரீஸ் தடவி ஒட்டி, சிரிஞ்சால மண்ணெண்ணெய் ஊத்தி நாலு சேம்பரயும் அளங்க. என்னோடதுல ஒண்ணு ஒன்றரை சிசி கம்மியா இருந்துச்சு, திரும்ப தோண்ட வேண்டி வந்துச்சு.

பெட்ரோலும் மாறிடுச்சு. இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. வெறும் பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காத்துன்னா, இதுக்கு 13.5 கிட்டதான். கம்ப்யூட்டர் வச்ச கார் தானா சரி பண்ணிக்கும், கார்பரேட்டருக்கு கண்ணு கெடையாது, பெட்ரோல் வர்ற ஓட்டைய, அதான் ஜெட்ட, நாமதான் பெருசாக்கணும். பழைய ஜெட்டோட ஓட்டினா கலவை லீனா, அதாவது பெட்ரோல் கம்மியா, போகும், லீனா போனா சூடு. பழைய ரப்பர் பெட்ரோல் ட்யூப் எத்தனால்ல ஊறி வெடிப்பு விடும், பீட்டில்ல பெட்ரோல் ட்யூப் என்ஜின் மேலயே ஓடுது, அத முதல் வேலையா மாத்துங்க.

இப்படி சூடு, கேஸோட வயசு, ஹெட், பெட்ரோல்னு ஒண்ணொண்ணா மேல போனா 94 பாரல் தானா கழண்டுருச்சு, அதுக்கு கேஸ் வாய இன்னும் அகலமா வெட்டணும். 90.5க்கும் கேஸ் வாயயும் ஹெட் வாயயும் வெட்டித்தான் ஆகணும், ஆனா சுவர் தடிப்பா நிக்கும், பாரல் வட்டம் மாறாது. அப்ப மிச்சம் இருக்கறது 1776 இல்லன்னா 1904.

1776 போதுமேன்னு நீங்க கேக்கலாம், நல்ல கேள்வி, ரொம்ப பேருக்கு அதுதான் சரியான பதில். என்ன 1904 பக்கம் இழுத்தது டார்க், அதாவது க்ராங்க திருப்பற இழுவை. நான் வண்டிய 6000 ஆர்பிஎம்ல அலற விடற ஆள் இல்ல. ஞாயித்துக்கெழம விடியக்காலைல செஞ்சி வரைக்கும், சில நேரம் ஈசிஆர்ல மகாபலிபுரம் வரைக்கும், ரெண்டு பேரு, ஒரு பை. நாலாவது கியர்ல கீழ எறக்காம ஓவர்டேக் பண்ணணும், அவ்ளோதான். அதுக்கு ஸ்ட்ரோக் நல்லா ஒத்துழைக்கும். 5000 ஆர்பிஎம்ல பிஸ்டனோட சராசரி வேகம் 69 ஸ்ட்ரோக்ல செகண்டுக்கு 11.5 மீட்டர், 74ல 12.3, 82ல 13.7 கிட்ட. ராடு நீளத்த ஸ்ட்ரோக்கால வகுத்தா ஸ்டாக் 137 எம்எம் ராடுக்கு 69ல 1.99, 74ல 1.85, 82ல 1.67. இந்த நம்பர் எறங்க எறங்க ராடு சாஞ்சு நின்னு பிஸ்டன பாரல் சுவத்துல தள்ளும், அதுவும் சூடுதான். 74ல இது ரெண்டும் ஸ்டாக்க விட்டு ரொம்ப விலகல, ஸ்டாக் ராடயே நேராக்கி, பிஸ்டன் பின் உக்கார்ற புஷ்ஷ மாத்தி, எடை சமம் பண்ணி போடலாம்.

ஆக 74 க்ராங்க் புதுசா, ஃபோர்ஜ்டு, எதிர் எடை வச்சது, ஃப்ளைவீல் புடிக்க நாலு டவலுக்கு (வழுக்காம நிறுத்தற சின்ன இரும்பு முளை) பதிலா எட்டு டவல். பீட்டில்ல ஃப்ளைவீல தாங்கறது நடுவுல ஒரே ஒரு பெரிய நட்டு, அத 343 நியூட்டன் மீட்டர் முறுக்கணும், டார்க் கூடின என்ஜின்ல நாலு டவல் அறுந்து ஃப்ளைவீல் கழண்ட கதை நெறைய. கேம் எங்கிள் கம்பெனியோட டபிள்யூ 100. டபிள்யூ 110 வாங்கணும்னுதான் கை போச்சு, ஆனா சிட்டில ஓட்டற வண்டிக்கு கீழ்ப்பக்க இழுவை முக்கியம். வால்வு 40 எம்எம், 35.5 எம்எம். ஹெட் போல்ட் ஸ்டட் கேஸ்லேந்து மரையோட பிச்சுட்டு வர்றது இந்த என்ஜினோட பழைய வியாதி, அதுக்கு பதினாறு எடத்துலயும் கேஸ் சேவர்ங்கற மரை வளையம் போட்டாச்சு. இந்த என்ஜினுக்கு ஸ்டாக்ல ஆயில் ஃபில்டரே கெடையாது, ஒரு வலைதான், மொத்த ஆயிலே ரெண்டரை லிட்டர். வெளிய ஃபில்டர் ஒண்ணும், ஒன்றரை லிட்டர் கூடுதல் பிடிக்கற சம்ப்பும் (அடில இருக்கற ஆயில் தொட்டி) வைக்கறேன். சிசி கூட்டறத விட இந்த வேலைக்கு செலவு பண்ணுங்கன்னு யார் கேட்டாலும் சொல்வேன். க்ராங்க், ஃப்ளைவீல், ப்ரெஷர் ப்ளேட் மூணயும் சேர்த்து பேலன்ஸ் பண்ண அம்பத்தூருக்கு அனுப்பினோம். பிஸ்டன் செட்ட மச்சான் பொங்கலுக்கு வந்தப்ப சூட்கேஸ்ல கொண்டு வந்து குடுத்தாரு, 2276 போடாத கோவம் கொஞ்சம் இருந்தாலும் நாலு பிஸ்டனயும் தனித்தனியா துணில சுத்தி எடுத்துட்டு வந்தாரு.

பேப்பர் விஷயம் ஒண்ணு. ஆர்சில 1584 சிசின்னு இருக்கு. மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவுப்படி அதுல இருக்கற விவரம் மாறற மாதிரி வண்டில கை வச்சா அனுமதி வேணும். அத முடிக்காம ரோட்ல எறக்க மாட்டேன்னு வீட்ல சொல்லிருக்கேன், விபத்துன்னு ஒண்ணு வந்தா இன்சூரன்ஸ்காரங்க மொதல்ல பாக்கறது அந்த புத்தகத்தத்தான். அது முடியற வரைக்கும் என்ஜின் ஸ்டாண்டுல.

போன வாரம் 74 க்ராங்க வச்சு ட்ரயல் அசெம்பிளி. கேஸ மூடி மேஸ்திரி கைல சுத்தினாரு, நான் டார்ச் அடிச்சு உள்ள பாத்துட்டு இருந்தேன். ஒரே ஒரு எடத்துல, அதே மூணாவது சிலிண்டர் பக்கம், இடைவெளி ஒரு எம்எம்முக்கு கொஞ்சம் கம்மி. அரம் வச்சு நாலு இழுப்பு, மறுபடி களிமண் ஒட்டி சுத்தி, அமுங்கின களிமண்ண வெட்டி அளந்தா 1.4. முழுசா ரெண்டு சுத்து, எங்கயும் படல. க்ராங்க் முன்ன பின்ன நகர்ற ஆட்டம் மூணு ஷிம் (மெல்லிசு வளையம்) மாத்தி மாத்தி போட்டு 0.10 எம்எம்ல நிறுத்தினோம், 0.07லேந்து 0.13 வரைக்கும் இருக்கலாம். "இப்ப எனக்கு தூக்கம் வரும் தம்பி"ன்னு சொல்லிட்டு டீ சொல்ல போயிட்டாரு.

மிச்சம் இருக்கறது கார்பரேட்டர். ரெண்டு வெபர் 40 ஐடிஎஃப், 28 எம்எம் வென்சுரி (காத்து போற குறுகல்). மெயின் ஜெட் 125ல ஆரம்பிச்சு ப்ளக் கலர் பாத்து ஏத்தலாம்னு இருக்கேன், 130, 135 ரெண்டும் வாங்கி வச்சாச்சு.